‘வரலாற்றில் இன்று’ தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மே 7-ஐ முன்வைத்து

மே 7 என்று தேடிப் பாருங்கள், பட்டியல் கொட்டும். இசையமைப்பாளர்கள் பிராம்ஸும் சாய்கோவ்ஸ்கியும் பிறந்த நாள். தாகூர் பிறந்த நாள். ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர், நடிகையாகத் தொடங்கி அர்ஜென்டினா அதிபரின் மனைவியான ஏவா பெரோன், தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் ஆகியோர் பிறந்ததும் அன்றுதான். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முதன்முதலாக மேடையேறியது, லூசிடேனியா கப்பல் மூழ்கியது, ஜெர்மனி சரணடைந்தது, சோனி நிறுவனம் தொடங்கியது எல்லாம் மே 7.

அப்படியே அள்ளி எடுத்து, ஆண்டு வாரியாக அடுக்கி, மேலே ‘வரலாற்றில் இன்று’ என்று போட்டால் கால் மணி நேர வேலை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இந்தப் பத்து விஷயங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் நான் விழுந்த குழி. ஓர் அமெரிக்கக் குறிப்பில் பி. டி. பார்னம் பிறந்த தேதி 7/5/1810 என்று இருந்தது. சர்க்கஸ், வினோதக் காட்சி, அருங்காட்சியகம் என்று 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் கேளிக்கைத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர் அவர். நான் ஏழு, ஐந்து, ஆக மே 7 என்று வாசித்து, மே மாதத்தில் அவருக்கு ஒரு பத்தி எழுதிவிட்டேன். அமெரிக்கர்கள் மாதத்தைத்தான் முன்னால் போடுவார்கள். பார்னம் பிறந்தது ஜூலை 5. ‘நிமிடத்துக்கு ஓர் ஏமாளி பிறக்கிறான்’ என்று பார்னம் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அன்றைக்கு ஏமாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

13 முதல் 31 வரையிலான தேதிகளில் இந்தக் குழப்பம் வராது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லையே. 1 முதல் 12 வரைதான் ஆபத்து. ஆண்டில் அப்படி 144 நாட்கள் இருக்கின்றன. 1/1, 2/2 மாதிரி எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வருகிற பன்னிரண்டைக் கழித்தால் 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! குறிப்பெடுக்கும்போதே மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

இனி வருவது அவ்வளவு சுலபமில்லை. காலண்டர் விவகாரம்.

ஜூலியஸ் சீசர் காலத்துக் காலண்டரில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் லீப் ஆண்டு வரும். சூரியனின் கணக்கைவிட அது கொஞ்சம் நீளம். அந்தக் கொஞ்சம் சேர்ந்து சேர்ந்து 16ஆம் நூற்றாண்டில் பத்து நாளாகிவிட்டது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதைத் திருத்தினார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. ஆனால் எல்லா நாடுகளும் உடனே மாறவில்லை. பிரிட்டன் 1752இல்தான் மாறியது; அங்கே செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918இல் மாறியது; ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. ஆகவே ஒரே காலத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு தேதி ஓடிக்கொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. ‘ரஷ்யாவா? 13 நாள் கூட்டு’ என்று ஒரு சூத்திரம் வைத்துக்கொள்வார்கள். நானும் வைத்திருந்தேன். வித்தியாசம் எல்லா நூற்றாண்டிலும் 13 இல்லை. 1700 வரை 10 நாள், 18ஆம் நூற்றாண்டில் 11, 19இல் 12, 20இல்தான் 13. காரணம், 1700, 1800, 1900 ஆகியவை பழைய காலண்டரில் லீப் ஆண்டுகள், புதியதில் இல்லை. ஒவ்வொரு முறையும் இடைவெளி ஒரு நாள் கூடியது.

மே 7 பட்டியலிலேயே இதற்கு ஜோடியான உதாரணம் இருக்கிறது. ஹியூம் ஸ்காட்லாந்தில் பிறந்தது 1711இல், அன்றைய அவர் ஊர்க் கணக்குப்படி ஏப்ரல் 26. பதினொன்றைக் கூட்டினால் மே 7. சாய்கோவ்ஸ்கி ரஷ்யாவில் பிறந்தது 1840இல், அவர் ஊர்க் கணக்குப்படி ஏப்ரல் 25. பன்னிரண்டைக் கூட்டினால் மே 7. பழைய தேதிகள் வேறு வேறு, புதிய தேதி ஒன்றே. இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. சாய்கோவ்ஸ்கி 1893இல் இறந்தது பழைய கணக்கில் அக்டோபர் 25. ரஷ்யாவில் 1917 புரட்சி நடந்ததும் பழைய கணக்கில் அக்டோபர் 25. ஆனால் புதிய கணக்கில் முன்னது நவம்பர் 6, பின்னது நவம்பர் 7. இடையில் 1900 வந்து ஒரு நாளை நகர்த்திவிட்டது. அக்டோபர் புரட்சி நாளும் கமல்ஹாசன் பிறந்தநாளும் நவம்பர் 7 பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

காலண்டரைக் கவனிக்காததால் பிறந்த கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்று ஆண்டுதோறும் ஏப்ரலில் யாராவது எழுதுவார்கள். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 பழைய காலண்டர். ஸ்பெயினின் கணக்கில் அது மே 3. செர்வாண்டிஸ் இறந்ததும் உண்மையில் ஏப்ரல் 22, அடக்கம் நடந்ததுதான் 23. கலிலியோ இறந்த அதே 1642இல் நியூட்டன் பிறந்தார் என்பதும் இந்த ரகம். கலிலியோவின் தேதி புதிய காலண்டர், நியூட்டனின் 1642 டிசம்பர் 25 பழையது. இருவருக்கும் புதிய கணக்கையே வைத்தால் நியூட்டன் 1643 ஜனவரி 4க்குப் போய்விடுவார்.

எந்தக் கணக்கைப் பின்பற்றினாலும் தப்பில்லை. பட்டியல் முழுக்க ஒரே கணக்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1582க்கு முந்தைய நிகழ்வுகளை யாரும் பொதுவாகப் புதிய காலண்டருக்கு மாற்றுவதில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

தாகூர் விஷயம் இன்னும் ஒரு சுற்று கூடுதல். அவர் பிறந்தது வங்காளக் காலண்டரில் 1268ஆம் ஆண்டு வைசாகம் 25. அன்றைய ஆங்கிலத் தேதி 1861 மே 7. ஆனால் வங்காளிகள் கொண்டாடுவது வைசாகம் 25ஐத்தான். அது இன்றைக்கு மே 8 அல்லது 9இல் விழுகிறது. ஆகவே ‘மே 7, தாகூர் பிறந்த நாள்’ என்பது சரி. ‘இன்று தாகூர் பிறந்தநாள் கொண்டாடப்படுகிறது’ என்று அதே மே 7இல் எழுதினால் பாதி தவறு. பிறந்த தேதி ஒன்று, கொண்டாடும் தேதி இன்னொன்று. பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத் ஏப்ரல் 21இல் பிறந்தவர், அரசு விழாவோ ஜூனில் நடந்துவந்தது. இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கருணாநிதியின் பிறந்தநாள் என்பதால் தன்னுடையதை ஜூன் 2க்கு மாற்றிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்த மாதிரி இடங்களில் எது சரி என்று சண்டை போடுவதைவிட இரண்டையும் எழுதிக் காரணத்தையும் சொல்லிவிடுவது வாசகருக்குச் சுவையான செய்தி.

காலண்டர் மட்டுமில்லை, கடிகாரமும் தேதியை மாற்றும். ஜெர்மனியின் சரணாகதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் ரைம்ஸ் நகரில் கையெழுத்தானது 1945 மே 7 அதிகாலை 2:41க்கு. போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது மே 8 இரவு 11:01க்கு. மேற்கு நாடுகள் வெற்றி நாளைக் கொண்டாடுவது மே 8இல். அந்த நேரத்தில் மாஸ்கோ கடிகாரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. ரஷ்யர்களுக்கு வெற்றி நாள் மே 9. மூன்றுமே சரி. ஒரே தொகுப்பில் மே 7இல் ‘ஜெர்மனி சரண்’, மே 8இல் ‘ஜெர்மனி சரண்’, மே 9இல் மறுபடி ‘ஜெர்மனி சரண்’ என்று போட்டால்தான் வாசகர் குழம்புவார். அப்புறம், அன்றோடு இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டதாகவும் எழுதிவிடுகிறார்கள். ஜப்பான் சரணாகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது செப்டம்பர் 2இல்.

நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1969 ஜூலை 20 இரவு 10:56. கிரீன்விச் கணக்கில் ஜூலை 21, இந்தியாவில் அன்று காலை 8:26. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு, மூழ்கியது 15 அதிகாலை. நள்ளிரவை ஒட்டி நடந்தது என்றால் எந்த ஊர்த் தேதி, நிகழ்வின் எந்தக் கட்டம் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

கலைஞர்களின் பிறந்தநாளுக்கு வருவோம். இங்கே காலண்டரைவிடப் பெரிய எதிரி ஆவணம். ஏவா பெரோன் பிறந்தது 1919 மே 7. 1945இல் ஹுவான் பெரோனைத் திருமணம் செய்தபோது காட்டிய சான்றிதழில் 1922 என்று இருந்தது. அது போலி. நாளும் மாதமும் மாறவில்லை, வயதில் மூன்று குறைந்துவிட்டது. 1952 ஜூலையில் அவர் இறந்தபோது வயது 33. போலிச் சான்றிதழை நம்பினால் 30. நடிகர், நடிகையர் வயதைக் குறைத்துச் சொல்வது தொழில் சார்ந்த விஷயம், அதில் குற்றம் காண எனக்கு ஆசையில்லை. ஆனால் ஆண்டு சந்தேகத்துக்கு உரியது என்றால் ‘இன்று இத்தனையாவது பிறந்தநாள்’ என்று துல்லியமாக எழுதக் கூடாது. நாளை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் கதை வேறு மாதிரி. தான் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே கடைசி வரை சொல்லிவந்தார். அமெரிக்கச் சுதந்திர தினம், நூற்றாண்டின் விளிம்பு என்று எல்லாம் பொருந்தி வருகிற தேதி. அவர் 1971இல் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1980களில், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தது. அதில் 1901 ஆகஸ்ட் 4. அவர் இறந்த ஜூலை 6 அன்று 71 என்று நினைத்த வயது உண்மையில் 69. சம்பந்தப்பட்டவரே சொன்னார் என்பது தேதிக்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிறந்த அன்று அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கவில்லையே!

ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஒரு வழுக்கல் உண்டு. அதில் இருப்பது பல சமயம் சடங்கு நடந்த தேதி. பீத்தோவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது 1770 டிசம்பர் 17. பிறந்தது அதற்கு முந்தைய நாளாக இருக்கலாம் என்பது ஊகம். ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானம். ஏப்ரல் 23 பிறந்தநாள் என்பது வழக்கத்தால் வந்தது. ‘ஞானஸ்நானம் பெற்ற நாள்’ என்று எழுத ஒரு சொல்தான் கூடுதல்.

அதே பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை 1824 மே 7 அன்று ‘இயற்றினார்’ என்று எழுதுவது அடுத்த தவறு. அதை அவர் பல மாதங்கள் எழுதி, அந்த ஆண்டின் தொடக்கத்தில் முடித்திருந்தார். மே 7 என்பது வியன்னாவில் முதல்முறை வாசிக்கப்பட்ட நாள். ‘அவரே நடத்தினார்’ என்பதும் பாதி உண்மைதான். மேடையில் நின்று தாளம் காட்டினார். ஆனால் அப்போது அவருக்குக் காது கேட்காது. வாத்தியக்காரர்கள் பார்த்தது உம்லாவுஃப் என்ற நடத்துநரின் கையை. ஒரு பாடகி அவரைத் திருப்பிவிட்ட பிறகே கைதட்டலைக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. ‘இயற்றினார்’ என்று ஒரே சொல்லில் முடித்தால் இந்தக் காட்சியே காணாமல் போய்விடுகிறது.

சினிமாவில் இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம். படம் முடிந்த நாள், தணிக்கை, அழைக்கப்பட்டவர்களுக்கான காட்சி, பொதுமக்களுக்கான வெளியீடு என்று ஒரு படத்துக்கே நாலு தேதி இருக்கும். ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 ஏப்ரல் 21இல் சிறப்புக் காட்சியாகவும் மே 3இல் பொதுமக்களுக்கும் திரையிடப்பட்டது. இரண்டு தேதியிலும் ‘வெளியான நாள்’ என்று பார்த்திருக்கிறேன். பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டிய 1895 டிசம்பர் 28ஐ ‘சினிமா பிறந்த நாள்’ என்பார்கள். அதே ஆண்டு மார்ச் 22இலேயே அவர்கள் அழைக்கப்பட்ட சிலருக்குப் படம் காட்டியிருக்கிறார்கள். பெர்லினில் ஸ்க்லாடனோவ்ஸ்கி சகோதரர்கள் நவம்பர் 1 அன்றே கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிவிட்டார்கள். ‘முதல்’ என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எந்த நாட்டில், எந்த வகையில் என்று ஒரு வேலி போடாவிட்டால் மறுநாள் யாராவது திருத்துவார்கள். திருத்தட்டும், நல்லதுதான்.

சோனி 1946 மே 7இல் தொடங்கியது உண்மை. ஆனால் அன்று அதன் பெயர் டோக்கியோ சூஷின் கோக்யோ. சோனி என்ற பெயர் நிறுவனத்துக்கு வந்தது 1958இல். பிற்காலப் பெயரை முற்காலத்துக்கு ஒட்டும்போது ‘இன்றைய சோனி’ என்றாவது போடுங்கள்.

லூசிடேனியா விஷயத்தில் தேதி சரியாகவே இருக்கும். அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற விளக்கம்தான் தப்பாக இருக்கும். 1915 மே 7 அன்று அயர்லாந்து கடலோரத்தில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி, 18 நிமிடத்தில் கப்பல் மூழ்கி, ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். ‘இதனால் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது’ என்று ஒரு வாக்கியம் கூடவே வரும். அமெரிக்கா போரை அறிவித்தது 1917 ஏப்ரல் 6. இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மக்களின் மனநிலையை அந்தச் சம்பவம் மாற்றியது என்று சொல்லலாம். ‘குதித்தது’ என்று சொல்ல முடியாது. ஒரு வரியில் எழுத வேண்டிய கட்டாயம் இருப்பதால் காரணத்தையும் விளைவையும் ‘இதனால்’ என்று கட்டிப்போட்டுவிடுகிறோம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பாதித் தவறு போய்விடும்.

வயதுக் கணக்கு. ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்தால் போதும் என்று நினைப்போம். பிராம்ஸ் 1833 மே 7இல் பிறந்து 1897 ஏப்ரல் 3இல் இறந்தார். கழித்தால் 64. ஆனால் அந்த ஆண்டுப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை, ஆகவே 63. கேரி கூப்பர் 1901 மே 7இல் பிறந்து 1961 மே 13இல் இறந்தார். பிறந்தநாள் கடந்து ஆறு நாள், ஆகவே முழுதாக 60. நூற்றாண்டு என்றால் தொடக்கமா நிறைவா என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது 1928 ஜூன் 24. அவருடைய நூற்றாண்டு 2027இல் தொடங்கி 2028இல் நிறைவடையும். ‘100ஆவது பிறந்தநாள்’ என்று இரண்டு ஆண்டும் எழுதினால் எப்படி? மறைந்தவருக்கு ‘இன்று 97 வயது’ என்று எழுதுவதையும், ‘வாழ்த்துவோம்’ என்று முடிப்பதையும் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே நாளில் பிறந்தவர்களைப் பார்த்தவுடன் ஒரு மர்மத்தைத் தேடுகிற ஆசையும் வரும். எம்.எஸ்.வி. பிறந்த அதே ஜூன் 24இல் கண்ணதாசனும் பிறந்திருக்கிறார் என்பது நமக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் 10,000 பிரபலங்களின் பட்டியல் வைத்திருந்தால் எந்த நாளை எடுத்தாலும் சராசரியாக 27 பேர் வருவார்கள். 23 பேர் கூடியிருக்கும் அறையில் எவராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பே பாதிக்கு மேல். கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்து, ஜனவரி 8இல் பிறந்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். அன்றைக்குத் தன்னோடு இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று அவரே கணக்குச் சொல்லி அந்தப் பெருமையைத் தள்ளிவிட்டார். மே 7இலும் பாருங்கள், பிராம்ஸும் சாய்கோவ்ஸ்கியும் ஒரே நாள்காரர்கள். 1888 புத்தாண்டு அன்று லைப்சிக் நகரில் ஒரு நண்பர் வீட்டில் நேரில் சந்தித்தும் இருக்கிறார்கள். பிராம்ஸின் இசை சாய்கோவ்ஸ்கிக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை.

சரி, ஒரு தேதியைப் பத்து இடத்தில் பார்த்துவிட்டேன், இனி சந்தேகம் எதற்கு என்று கேட்கலாம். பத்தும் ஒரே இடத்திலிருந்து நகலெடுத்தவையாக இருந்தால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். அதைக் கண்டுபிடிக்க நான் பிழைகளைப் பார்ப்பேன். ஒரே எழுத்துப்பிழை நாலு இடத்தில் இருந்தால் நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தமிழில் தொகுப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு, பெயர் எழுதும் விதம். வெளிநாட்டுப் பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம். கணினியில் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது ஒளிந்துகொள்ளும். என் பழைய கோப்பைச் சுத்தம் செய்தபோது அதில் மூன்று ரஷ்ய இசையமைப்பாளர்கள் இருந்தார்கள். ஏப்ரல் 25இல் பிறந்த செய்கோவ்ஸ்கி, மே 7இல் பிறந்த சாய்கோவ்ஸ்கி, 13 நாள் சூத்திரத்தின் புண்ணியத்தில் மே 8இல் பிறந்த சைக்கோவ்ஸ்கி. மூவருக்கும் நான் தனித்தனியாகப் பத்தி எழுதியிருந்தேன்.